முகாமைத்துவப் பட்டம் படிக்க நினைக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் உயர்தர வணிகப்பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். பெறுபேறு வந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலும் வெளிவந்துவிட்டால் பிள்ளைகளும் பெற்றோரும் தேடி வரத் தொடங்கிவிடுவார்கள். மாங்குளத்திலிருந்து வருபவர் கேட்பதையேதான் புதுக்குடியிருப்பிலிருந்து வருபவரும் கேட்கிறார். விண்ணப்பம் நிரப்பும் அவசரத்தில் ஆறுதலாகப் பேச நேரம் கிடைப்பதில்லை. அதனால் அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சேர், பெரிய பல்கலைக்கழகம் என்றால் பட்டமும் பெறுமதியானதுதானே?

பெயருக்கும் ஒரு பெறுமதி இருக்கிறது. ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவக் கற்கைகள், வணிக பீடம் நாட்டிலேயே பெரிய முகாமைத்துவ பீடம் என்று பெயர் பெற்றது. அங்கே படித்தவர்கள் கொழும்பில் வங்கிகள், கணக்காய்வு நிறுவனங்கள், கம்பனிகள் எங்கும் பரந்து இருக்கிறார்கள். முதல் நேர்முகத்துக்கு அழைப்பு வருவதற்கு அது உதவும். கொழும்புப் பல்கலைக்கழக முகாமைத்துவ, நிதிப் பீடத்துக்கும் இது பொருந்தும்.

ஆனால் பெரிய பீடத்தில் ஒரு வருடத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள் சேருகிறார்கள். முதலாம் ஆண்டில் மண்டபம் நிறைய ஆட்கள், ஒலிவாங்கியில் விரிவுரை. உங்கள் பெயர் விரிவுரையாளருக்குத் தெரியாது. கேட்கிற பிள்ளைக்கு எல்லாம் கிடைக்கும், கேட்கத் தயங்குகிற பிள்ளை நாலு வருடமும் கடைசி வரிசையிலேயே இருந்துவிட்டு வந்துவிடும். எங்கள் பிள்ளைகளில் பலர் தயங்குகிறவர்கள் என்பது எனக்குத் தெரிந்ததால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தின் பெயரோடு நின்றுவிடாதீர்கள், நீங்கள் படிக்கப் போகும் பட்டநெறியை மதிப்பிடுங்கள். அதிலும் கடைசி இரண்டு வருடங்களைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். முதலாம் ஆண்டுப் பாடங்கள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: முகாமைத்துவக் கோட்பாடு, நிதிக் கணக்கீடு, நுண்பொருளியல், வணிகக் கணிதம், ஆங்கிலம். வித்தியாசம் மூன்றாம் ஆண்டில் தொடங்குகிறது.

அதை எப்படி மதிப்பிடுவது? எங்களுக்கு உள்ளே யாரையும் தெரியாதே.

யாரையும் தெரிந்திருக்கத் தேவையில்லை. மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் தர உறுதிப் பிரிவு ஒன்று இருக்கிறது. அது வெளியிலிருந்து மீளாய்வாளர்களை அனுப்பி ஒவ்வொரு பட்டநெறியையும் பரிசோதித்து ஏ, பி, சி, டி என்று தரம் போடுகிறது. அந்த அறிக்கைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருக்கின்றன. இத்தனை வருடமாக என்னிடம் வந்த பெற்றோரில் அப்படி ஒன்று இருப்பதை அறிந்து வந்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மீளாய்வு எட்டு விடயங்களைப் பார்க்கிறது. பட்டநெறியை எப்படி நிர்வகிக்கிறார்கள், ஆளணியும் கட்டட வசதியும் போதுமா, பட்டநெறி எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது, தனித்தனிப் பாடங்கள் எப்படி, கற்பித்தல் எப்படி, மாணவருக்கு என்ன ஆதரவு, பரீட்சையும் மதிப்பீடும் ஒழுங்காக நடக்கிறதா, புதிய நல்ல நடைமுறைகள் ஏதும் உண்டா என்பவை அவை. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். நீளமானதும்கூட. முழுவதும் வாசிக்கத் தேவையில்லை. மூன்று இடங்களை மட்டும் பாருங்கள்.

முதலாவது, ஆளணி அட்டவணை. நிரந்தர விரிவுரையாளர் எத்தனை பேர், அவர்களில் கலாநிதிப் பட்டம் உள்ளவர்கள் எத்தனை பேர், ஒரு விரிவுரையாளருக்கு எத்தனை மாணவர்கள் என்று அதில் தெரியும். தற்காலிக விரிவுரையாளர்களை வைத்தே பெரும்பகுதி பாடங்களை ஓட்டும் துறையாக இருந்தால் யோசியுங்கள். இரண்டாவது, மாணவருக்கான ஆதரவும் மதிப்பீடும் பற்றிய பகுதிகள். மாணவர்களோடு நேரே பேசிவிட்டு எழுதுவதால் உள்விடயங்கள் அங்கேதான் வெளிவரும். மூன்றாவது, கடைசியில் உள்ள விதப்புரைகள். எதைத் திருத்தச் சொல்கிறார்களோ அதுதான் அந்த இடத்தில் இல்லாத பொருள்.

அறிக்கையின் ஆண்டையும் கவனியுங்கள். பல வருடங்களுக்கு முந்திய அறிக்கை என்றால், அதில் சொன்ன குறைகள் இப்போது தீர்ந்திருக்கின்றனவா என்று அங்கே படிக்கும் ஒருவரிடம் விசாரிக்க வேண்டும்.

அங்கே படிக்கும் ஒருவரிடம் என்ன கேட்பது?

"அண்ணா, உங்கட கம்பஸ் நல்லமா?" என்று கேட்டால் "ஓம், நல்லம்" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். போன செமஸ்டர் பரீட்சைப் பெறுபேறு எத்தனை மாதத்தில் வந்தது? பயிற்சிக்கு இடம் பல்கலைக்கழகம் தேடித் தந்ததா, நீங்களாகத் தேடினீர்களா? ஆய்வுக் கட்டுரைக்கு மேற்பார்வையாளரை எத்தனை முறை சந்தித்தீர்கள்? உங்களுக்கு முந்திய அணியில் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பெயர் பெயராகச் சொல்லத் தொடங்கினால் அது நல்ல அறிகுறி.

பட்டம் முடிய உண்மையில் எத்தனை வருடம் எடுத்தது என்றும் கேளுங்கள். நாலு வருடப் பட்டம் நாலு வருடத்தில் முடியும் என்று எழுதி வைக்க முடியாது. 2024 இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கும் மேல் நீடித்தது. அப்படியான காலத்தில் எல்லாம் பின்தள்ளிப் போகும். பிறகு இழந்த நாட்களைச் சில பீடங்கள் இழுத்துப் பிடிக்கின்றன, சில அப்படியே விட்டுவிடுகின்றன.

120 கிரெடிட் என்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம்?

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி சாதாரண இளமாணிப் பட்டம் ஐந்தாம் மட்டம், 90 கிரெடிட், மூன்று வருடம். சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம், 120 கிரெடிட், நாலு வருடம். ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிட வேண்டிய 50 மணித்தியாலம். அதில் விரிவுரை பொதுவாக 15 மணித்தியாலம்தான்.

இதைப் பெருக்கிப் பாருங்கள். 120 கிரெடிட்டுக்கு 6,000 மணித்தியாலம். எல்லாமே விரிவுரைப் பாடங்கள் என்று வைத்தாலும் மண்டபத்தில் இருப்பது 1,800 மணித்தியாலம். மிச்சம் 4,200 மணித்தியாலமும் நூலகத்திலும், கணினி அறையிலும், விடுதி மேசையிலும், குழு வேலையிலும், பயிற்சி இடத்திலும் கழிய வேண்டியவை.

பெற்றோர் விரிவுரையாளர்களைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள். அந்த 4,200 மணித்தியாலம் எங்கே, எப்படிக் கழியும் என்று ஒருவரும் கேட்பதில்லை. நூலகம் இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும்? கணினி அறை வகுப்பு இல்லாத நேரத்தில் பூட்டியா இருக்கும்? விடுதியில் படிக்க இடம் இருக்கிறதா, இணைய வசதி எப்படி? வீட்டில் கொம்பியூட்டர் இருக்கும் கொழும்புப் பிள்ளைக்கு இவை பெரிய விடயமாக இல்லாமல் இருக்கலாம். ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு கைத்தொலைபேசியோடு போகும் பிள்ளைக்கு இவைதான் பட்டத்தின் தரத்தைத் தீர்மானிக்கும்.

மூன்று வருடத்தோடு முடிக்கலாமா? வீட்டில் கஷ்டம்.

சிறப்புப் பட்டத்துக்கு இடம் கிடைத்தால் நாலாம் ஆண்டை விடாதீர்கள். பயிற்சியும் ஆய்வும் பெரும்பாலும் அந்த ஆண்டில்தான் வருகின்றன. பிறகு முதுமாணி படிப்பதற்கும் அது வழியைச் சுருக்கும். வீட்டில் அவசர நிலைமை என்றால் அது வேறு கதை. அப்படியானால் மூன்றாம் ஆண்டு முடிவில் வெளியேறுவதற்கு அந்தப் பட்டநெறியில் வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எந்தத் துறையைச் சிறப்பாக எடுப்பது? கணக்கீடு எடுத்தால்தான் வேலை என்கிறார்கள்.

கணக்கீடு எடுத்தால் வேலை கிடைக்கும் என்பது சரி. கணக்கீட்டில் விருப்பமில்லாத பிள்ளை அதை எடுத்தால் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், முயற்சியாண்மை, வணிகப் பொருளியல், தகவல் முறைமை, செயற்றிட்ட முகாமைத்துவம் என்று துறைகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றின் மூன்றாம், நாலாம் ஆண்டுப் பாடங்களின் பட்டியலை எடுத்து வாசியுங்கள். பாடத்தின் தலைப்பைப் பார்த்ததும் "இது என்னவாக இருக்கும்?" என்று அறிய ஆசை வருகிறதா? பதினெட்டு, பத்தொன்பது வயதில் அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

துறை எப்போது தீர்மானிக்கப்படுகிறது என்பதைக் கட்டாயம் அறிந்துகொள்ளுங்கள். சில இடங்களில் கைநூலிலேயே தனிப் பட்டநெறியாகத் தெரிவு செய்கிறீர்கள். சில இடங்களில் பொதுவாகச் சேர்ந்து, தொடக்கப் பெறுபேற்றின்படி பிரிகிறீர்கள். அப்படியான இடத்தில் எல்லோரும் விரும்பும் துறைக்குப் போட்டி இருக்கும். "வந்து கொஞ்ச நாள் பழகிவிட்டுப் படிப்போம்" என்று முதல் செமஸ்டரை விட்டவர்களுக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும்.

வன்னியில் வாழப் போகிறவராக இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். பெரும்போக நெல் எல்லா வயலிலும் ஒரே காலத்தில் அறுவடையாகிறது. காய வைக்கவும் சேமிக்கவும் போதிய இடமில்லை. உரத்துக்கும் உழவுக்கும் வாங்கிய கடனை உடனே கட்ட வேண்டும். அதனால் ஈரநெல்லை வெளியூர் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அதே நெல் சில மாதங்களில் விலை ஏறும்போது விவசாயியின் கையில் மூட்டை இல்லை. தொழிற்படு மூலதனம் என்று நீங்கள் பரீட்சைக்குப் பாடமாக்கியது இதைத்தான். நிதியோ சந்தைப்படுத்தலோ படிக்கும் பிள்ளை ஒருவர் தன் நாலாம் ஆண்டு ஆய்வை இரணைமடுக் குளத்தின் கீழுள்ள விவசாயிகளை வைத்துச் செய்தால், எத்தனை பேருக்குப் பயன்படும்! பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒழுங்கான கணக்கு வேண்டும். கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு இறால், நண்டு வாங்கும் கம்பனியோடு விலை பேசத் தெரிந்த ஆள் வேண்டும். நுண்கடன் கட்ட முடியாமல் தவிக்கும் பெண்களுக்கு வட்டியைச் சரியாகக் கணக்குப் போட்டுக் காட்டக்கூடிய ஒருவர் வேண்டும்.

வவுனியாவா, யாழ்ப்பாணமா, கொழும்புப் பக்கமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

வவுனியாவின் வரலாறு பலருக்குச் சரியாகத் தெரியாது. 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. மன்னார் வீதியில் பம்பைமடுவில் இருக்கிறது. தெற்கிலிருந்தும் நிறையப் பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். "வவுனியாவில் தமிழ்ப் பிள்ளைகள் மட்டும்தான்" என்ற எண்ணம் பிழை. பீடம் சிறியது, விரிவுரையாளரை நெருங்கிப் பேசலாம். செயற்றிட்ட முகாமைத்துவத்துக்கு அங்கே தனிப் பட்டம் இருக்கிறது. வீதி, வீடு, குளத்துப் புனரமைப்பு, மன்னாரில் 2020 இல் இயங்கத் தொடங்கிய 103.5 மெகாவாட் 'தம்பபவனி' காற்றாலை என்று செயற்றிட்டங்களால் நிறைந்த எங்கள் பகுதிக்கு அது பொருத்தமான படிப்பு என்பது என் கருத்து.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடம் திருநெல்வேலியில் இருக்கிறது. அறிவியல்நகரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருப்பதைப் பார்த்துவிட்டு "முகாமைத்துவமும் கிளிநொச்சியில்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. வணிகமாணி, வியாபார நிர்வாகமாணி இரண்டும் அங்கே உண்டு. பல்கலைக்கழகமாகப் பழையது, 1974 இல் வளாகமாகத் தொடங்கியது. வடக்கில் வங்கிகள், பாடசாலைகள், திணைக்களங்கள் எங்கும் அதன் பழைய மாணவர்கள் இருக்கிறார்கள்.

கொழும்புப் பக்கம் போனால் கிடைக்கும் மிகப் பெரிய நன்மை வகுப்பறைக்கு வெளியேதான் இருக்கிறது. கம்பனிகள் பக்கத்திலேயே இருக்கின்றன, தொழிற்றகைமை வகுப்புகள் மாலையில் நடக்கின்றன, சிங்களமும் ஆங்கிலமும் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துகிறவருக்குக் கொழும்பு நல்லது. அறையும் விரிவுரை மண்டபமுமாக, ஊர்ப் பிள்ளைகளோடு மட்டும் பழகிக்கொண்டு நாலு வருடம் இருக்கப் போகிறவருக்கு பம்பைமடு போதும். வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும்.

சரி, என் தீர்ப்பு என்னவென்று கேட்டால்: பட்டயக் கணக்காளராக விரும்பும் பிள்ளையைக் கொழும்புப் பக்கம் போகச் சொல்வேன். ஊரில் இருந்து தொழில் செய்ய, அரச நிர்வாகத்தில் அல்லது அபிவிருத்தி வேலையில் சேர விரும்பும் பிள்ளையை வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்ப நான் தயங்கமாட்டேன்.

மாவட்ட ஒதுக்கீட்டில் போனால் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகப் படிக்க முடியுமா? மகன் கூச்சப்படுகிறான்.

அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் வரை கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலும் அந்தப் பதினாறில் இருக்கின்றன.

இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. 2009 இல் தவழும் வயதில் செட்டிகுளம் முகாமில் இருந்த பிள்ளை, ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்து, மண்ணெண்ணெய் விளக்கில் கணக்கீடு செய்து, அந்த இசட் புள்ளியை, அதாவது அனுமதிக்குப் பார்க்கப்படும் உயர்தரப் புள்ளியை, எடுத்திருக்கிறது. கொழும்பில் மூன்று ரியூசனுக்குப் போய் எடுத்த புள்ளியோடு அதை அருகருகே வைத்துப் பார்க்கக் கூடாது. ஒதுக்கீடு வாசல் வரைக்கும்தான். உள்ளே போன பிறகு ஒரே வினாத்தாள், ஒரே திருத்தம்.

ஆனால் இடைவெளி இல்லையென்று பொய் சொல்லியும் அனுப்ப மாட்டேன். அது மூன்று இடங்களில் தெரியும்: ஆங்கிலம், கணிதம், கணினி. மூன்றையும் பெறுபேறு வந்ததிலிருந்து வகுப்பு தொடங்கும் வரையான மாதங்களில் நிறையவே குறைக்கலாம். சாதாரண தரக் கணிதப் புத்தகத்தை மறுபடி எடுத்து வீதம், சமன்பாடு, வரைபு, நிகழ்தகவு நாலையும் செய்து முடியுங்கள். எக்செல்லில் ஒரு கடையின் வரவு செலவைப் போட்டுப் பழகுங்கள்.

எல்லாமே ஆங்கிலத்தில் என்றால் எப்படிச் சமாளிப்பது?

முகாமைத்துவப் பட்டங்கள் இப்போது பெரும்பாலும் ஆங்கில மொழிமூலம்தான். முதல் செமஸ்டர் கடினமாகத்தான் இருக்கும். கணக்கீடு படித்த பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. ஐந்தொகையின் அமைப்பு எந்த மொழியிலும் மாறாது, எண்களைப் பிடித்துக்கொண்டே சொற்களுக்குப் போகலாம். கையில் இருக்கும் தமிழ்க் கணக்கீட்டுப் புத்தகத்தை வீசிவிடாமல், ஆங்கிலப் பாடநூலைப் பக்கத்தில் வைத்து ஒரே பாடத்தை இரண்டிலும் வாசியுங்கள். பட்டியல் போட்டுச் சொற்களை மனப்பாடம் செய்வதைவிட இது விரைவாகப் பலன் தரும்.

பேசுவதற்குப் பயம் என்றால் குழு முன்வைப்பில் உங்களுக்கென்று ஒரு சிறு பகுதியைக் கேட்டு வாங்குங்கள். "நீ ஸ்லைட் செய், நாங்கள் பேசுகிறோம்" என்று மற்றவர்கள் சொல்லும்போது சம்மதித்துவிடாதீர்கள். நாலு வருடம் ஸ்லைட் மட்டும் செய்துவிட்டு நேர்முகத்தில் வாய் திறக்க முடியாமல் போன கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

தொழிற்பயிற்சியை எந்தப் பல்கலைக்கழகம் நன்றாகச் செய்கிறது?

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மட்டுமல்ல, துறைக்குத் துறையும் மாறும். அதனால் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். பயிற்சி கட்டாயமா, எத்தனை மாதம், எத்தனை கிரெடிட், இடத்தைத் தேடுவது யார், விரிவுரையாளர் பயிற்சி இடத்துக்கு வந்து பார்க்கிறாரா, படி ஏதும் கிடைக்குமா. போட்டோக்கொப்பி எடுக்க வைத்து ஆறு மாதத்தை ஓட்டும் இடங்களும் இருக்கின்றன. மாதாமாதம் என்ன வேலை செய்தீர்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லும் துறையில் அது குறையும்.

வன்னியிலேயே பயிற்சி செய்ய முடியும். கிளிநொச்சி, வவுனியா ஆடைத் தொழிற்சாலைகளில் மனிதவளப் பிரிவுகள் இருக்கின்றன. வங்கிகள், குத்தகைக் கம்பனிகள், அரிசி ஆலைகள், கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சிறிய இடத்தில் ஒரே ஆள் எல்லா வேலையையும் பார்க்க வேண்டும். படிக்கிற பிள்ளைக்கு அது நல்லது.

பட்டத்தோடு சிஏ, சீமா, ஏஏடி செய்யலாமா?

செய்யலாம். கணக்கீடு, நிதி பக்கம் போகிறவர்கள் செய்யவும் வேண்டும். சிஏ என்பது பட்டயக் கணக்காளர் தகைமை, சீமா முகாமைக் கணக்காளர் தகைமை, ஏஏடி கணக்கீட்டுத் தொழில்நுட்பவியலாளர் தகைமை. 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட பட்டயக் கணக்காளர் நிறுவகமும் சீமாவும், படித்த பட்டத்தைப் பொறுத்துச் சில பாடங்களுக்கு விலக்களிக்கின்றன. எந்தப் பட்டத்துக்கு எத்தனை பாடம் என்பதை அந்த நிறுவகங்களிடமே கேளுங்கள், பல்கலைக்கழக விளம்பரத்தை நம்ப வேண்டாம். இரண்டு பட்டநெறிகளுக்கிடையில் குழப்பம் என்றால் இந்த விலக்குகளின் எண்ணிக்கை நல்ல ஒப்பீடு. வெளியார் ஒருவர் பாடத்திட்டத்தைப் பரிசோதித்துக் கொடுத்த மதிப்பு அது.

சிஏ முடிக்க மூன்று வருட நடைமுறைப் பயிற்சியும் வேண்டும். பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலானவை கொழும்பில். அந்தக் காலத்துக்குத் தங்கும் செலவையும் கணக்கில் சேருங்கள். ஏஏடியை, பல்கலைக்கழகம் தொடங்கும் வரை காத்திருக்கும் மாதங்களிலேயே ஆரம்பிக்கலாம்.

முடித்தால் அரசாங்க வேலை நிச்சயமா?

இல்லை. 2020 இல் 50,000 பட்டதாரிகளை எடுப்பதாக அறிவித்தார்கள். அப்படிச் சேர்ந்த எத்தனையோ பேர் பிரதேச செயலகங்களில் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக இருக்கிறார்கள். அது ஒவ்வொரு வருடமும் வருவதில்லை. வரும்போது எந்தப் பட்டமாக இருந்தாலும் ஒன்றுதான். முகாமைத்துவப் பட்டத்துக்குப் பொருத்தமான வாய்ப்பு போட்டிப் பரீட்சைகளில்: கணக்காளர் சேவை, உள்நாட்டு இறைவரிச் சேவை, அதோடு எல்லோருக்கும் பொதுவான நிர்வாக சேவை. அந்தப் பரீட்சைகளுக்கு நாலாம் ஆண்டிலிருந்தே தயாராகுங்கள். பட்டமளிப்பு முடிந்து வீட்டில் இருந்துகொண்டு வர்த்தமானியைப் பார்த்துக் காத்திருப்பது பிள்ளையின் நல்ல வயதைத் தின்றுவிடும். அப்பா அம்மாமாரிடம் இதைக் கெஞ்சியே கேட்கிறேன்: தனியார் துறையில் கிடைக்கும் முதல் வேலைக்குப் போக விடுங்கள்.

செலவு?

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. தங்குமிடம், சாப்பாடு, பயணம், மடிக்கணினிதான் செலவு. மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தப்பட்டது. அதை மட்டும் நம்பிக் கொழும்பில் ஒரு மாதம் ஓட்ட முடியாது. மகாபொல கிடைக்காதவர்களுக்கு பேர்சரி என்ற உதவித்தொகை உண்டு. வருமானச் சான்றிதழைக் கிராம அலுவலரிடம் நேரத்தோடு எடுத்து வையுங்கள்.

மகளைக் கொழும்புக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது.

பயம் எனக்கு விளங்குகிறது. நாங்கள் கடந்து வந்தவற்றை நினைத்தால் பிள்ளையை 300 கிலோமீற்றருக்கு அப்பால் விட யாருக்குத்தான் மனம் வரும்? அம்மா, ஒரு நாள் ரயிலேறிப் போய் விடுதியை நேரில் பாருங்கள். விடுதிப் பொறுப்பாளரோடு பேசுங்கள். தூரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு விடுதி கொடுக்கும்போது முன்னுரிமை உண்டா, எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். ஏற்கனவே அங்கே படிக்கும் வன்னிப் பெண்பிள்ளை ஒருவரோடு மகளைப் பேச வையுங்கள். அதன் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் வவுனியா இருக்கிறது. ஆனால் பார்க்காமலேயே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இந்தக் கேள்வியை மகனைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை.

பகிடிவதை?

1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். நடந்தால் முறையிடுங்கள். பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் பேசும்போது குரல் மாறியிருந்தால் "எல்லோருக்கும் நடப்பதுதான், பொறுத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள்.

தனியார் நிறுவனத்தில் காசு கட்டிப் படிப்பது எப்படி?

முதலில் அங்கீகாரம். 1978 ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் பட்டம் வழங்கும் நிறுவனமாக அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அதை வழங்கும் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று கேளுங்கள். பிறகு மேலே சொன்ன அதே கேள்விகள். காணி விற்று, நகை அடகு வைத்துக் கட்டும் காசு என்றால் இன்னும் இரண்டு மடங்கு கேளுங்கள். குறிப்பிட்ட நிறுவனங்களில் படிக்க அரசின் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று 2017 முதல் இருக்கிறது. வட்டி இல்லாவிட்டாலும் அது கடன்தான், பிள்ளையின் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியது.

அனுமதிக்கு வேண்டிய வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. இனி?

உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தில் கணக்கியலுக்கான உயர் தேசிய டிப்ளோமா உண்டு. அதைச் செய்துகொண்டே ஏஏடி, சிஏ படித்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவப் பட்டம் வேலை செய்துகொண்டே படிக்கலாம். வெளிவாரிப் பட்டங்களும் உண்டு. அவற்றில் விரிவுரை குறைவு, தானாகப் படிக்கும் பிள்ளைக்குத்தான் சரிவரும்.

மறுபடி பரீட்சை எழுதுவதா என்றால், எந்தப் பாடம் இழுத்தது என்று பாருங்கள். ஒரு பாடம் என்றால் எழுதலாம். மூன்றும் என்றால் வேறு வழியைத் தொடங்குங்கள்.

விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை எப்படிப் போடுவது?

உண்மையாக விரும்பும் ஒழுங்கில். "எனக்கு இது கிடைக்காது" என்று பயந்து விருப்பமானதைக் கீழே தள்ளாதீர்கள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், மேலே போட்டதால் நட்டம் இல்லை. போன வருட வெட்டுப்புள்ளி ஒரு குறிப்புத்தான், வருடத்துக்கு வருடம் மாறும். படிக்க விருப்பமே இல்லாத பட்டநெறியைப் பட்டியலை நிரப்புவதற்காகப் போடவும் வேண்டாம். கிடைத்துவிட்டால் மறுப்பதற்கும் திரும்ப விண்ணப்பிப்பதற்கும் கைநூலில் கடுமையான விதிகள் இருக்கின்றன. கொம்யூனிகேஷன் கடையில் நிரப்புவதென்றால் பிள்ளை பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு பட்டநெறிக் குறியீட்டையும் கைநூலோடு ஒத்துப் பார்த்த பிறகு அனுப்ப விடுங்கள். அனுப்பியதன் அச்சுப் பிரதி ஒன்றையும் வாங்கி வீட்டில் வையுங்கள்.